ஏலத்தில் ஓர் ஆயில் படம்

சென்னையில் 1920களில் தொடங்கிய மர்ரே ஏலக் கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு, வண்ணாரப்பேட்டையிலிருந்து போகிறவர்களுக்கு அன்று பஸ்தான் வழி. மௌண்ட் ரோட்டில் இறங்கி உள்ளே போனால் கட்டில், பீரோ, சுவர்க்கடிகாரம், சீமைப் பீங்கான். அவற்றுக்கு நடுவே சுவரோரம் சாய்த்து வைத்த ஆயில் படங்கள்.

அன்று படத்தை வாங்க நினைத்தவர் முதலில் அதன் முதுகைத்தான் பார்த்தார். கித்தான் பழுப்பேறியிருக்கிறதா, ஆணி துருப்பிடித்திருக்கிறதா, மரச்சட்டத்தில் பூச்சி அரித்த துளை உண்டா. பிறகு முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது தூரிகை தொட்ட படமல்ல. மேலே வார்னிஷ் பூசிய, ரவி வர்மா அச்சகத்து ஓலியோகிராஃப் என்னும் அச்சுப்படம். தூரிகைத் தடம் தெரிந்தால் கை உயரும். “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று சுத்தியல் விழும். பணத்தைக் கட்டிவிட்டு, படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவந்தால் முடிந்தது. யார் வரைந்தது, யார் வீட்டில் இருந்தது என்பதற்குச் சீட்டு எதுவும் கிடையாது.

2019 பிப்ரவரி முதல் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி எல்ஐசி நிலையத்தில் இறங்கலாம். ஆனால் பெரிய படங்களின் ஏலத்துக்கு மௌண்ட் ரோடே போகவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு சாஃப்ரன்ஆர்ட் இணைய ஏலத்தைத் தொடங்கியது. இன்று பான் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு கைபேசியிலேயே விலை கேட்கலாம். அன்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இன்று படத்தின் நிலை பற்றிய அறிக்கை சொல்கிறது. புற ஊதா ஒளியில், பின்னாளில் தீட்டிச் சரிசெய்த இடம் கருந்திட்டாகத் தெரிந்துவிடும். படம் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறும் பட்டியலில் இருக்கும். சுத்தியல் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் பங்கு தனி, ஜிஎஸ்டி தனி.

படங்களின் மதிப்பும் மாறிவிட்டது. 1874இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் ஓவியர் ரவி வர்மாவுக்குக் கிடைத்தது ஆளுநரின் தங்கப் பதக்கம். 2023இல் மும்பை பண்டோல் ஏலத்தில் அவருடைய ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 38 கோடி ரூபாய்க்குப் போனது. இவ்வளவு விலை போகும் படம் நாட்டைவிட்டுப் போகாமல் காப்பது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம். 1979இல் ரவி வர்மாவின் படைப்புகள் அதன்கீழ்க் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. நம் துறைமுகத்திலிருந்து அவை இனிக் கப்பலேற முடியாது. இதை நான் பெரிய ஆதாயமாகவே நினைக்கிறேன்.

போனது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தில் காசில்லாதவரும் நின்று பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். தேர்ந்தவர் எதைத் திருப்பிப் பார்க்கிறார் என்று கவனித்தே பலர் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். திரையில் அது நடக்காது. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்தான். 1795இல் கட்டிமுடித்த கோட்டை அருங்காட்சியகக் கட்டடத்தின் மாடியில், வணிகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிய கூடத்தில், இன்று அரசர்கள், ஆளுநர்களின் ஆயில் படங்கள் தொங்குகின்றன. ஆனால் அங்கே எந்தப் படத்தின் முதுகையும் பார்க்க முடியாது.

வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகளிலும் ஆயில் படங்கள் இருந்தன. வசதியாக இருந்த தாத்தா, தலைப்பாகையோடு, கையில் தடியோடு. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கடற்காற்றில் வண்ணம் பொரிந்து உதிரும், பின்னால் பூஞ்சை படரும். வீடு இடிபடும்போது இவை வெளியே வருகின்றன. வரலாறு கேட்கும் ஏலத்தில் இவற்றுக்கு இடமில்லை. பழைய சாமான் கடைக்காரர் தேக்குச் சட்டத்துக்கு மட்டும் விலை சொல்கிறார். கித்தானைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்.