முன்செயலியைக் கண்டறிதல்

சி முன்செயலி என்பது தொகுப்பி வேலையைத் தொடங்கும் முன்னர் தலைப்புக் கோப்புகளையும் மேக்ரோக்களையும் விரித்துத் தரும் நிரலாகும். பழைய யுனிக்சு முறைமைகளில் இது லிப் அடைவில் சிபிபி என்ற பெயரில் இருந்தது. எல்லா முறைமைகளிலும் அது அங்கே இருப்பதில்லை. ஆகவே அப்பாதையை ஷெல் நிரலில் நேரடியாக எழுதிவைப்பது நம்பத்தக்கதன்று.

1991 இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் உருவாக்கும் 'கான்ஃபிகர்' என்னும் ஷெல் நிரல், பயனர் சிபிபி என்ற சூழல் மாறியைக் குறிப்பிட்டிருந்தால் அதனையே எடுத்துக்கொள்ளும். இல்லையேல், முன்செயலாக்கத்துடன் நின்றுவிடுமாறு பணிக்கும் '-ஈ' தெரிவுடன் தொகுப்பியையே இயக்கிப் பார்க்கும். பழைய பாதை அதன் பின்னரே.

கிடைத்தால் மட்டும் போதாது. இல்லாத தலைப்புக் கோப்பொன்றைச் சேர்க்குமாறு வேண்டுமென்றே கொடுத்தும் சோதிக்கப்படும். அப்போது பிழை காட்டாத முன்செயலி ஒதுக்கப்படும். எக்கோப்பைக் கேட்டாலும் அது 'உண்டு' என்றே விடையளிக்கும்.