ஓராண்டு நாற்காலி

ஜூன் மாதக் கடைசி வாரம் என் அச்சகத்தில் வேறு வேலை ஓடாது. கல்யாணப் பத்திரிகைக்கு வருபவர்களைக்கூட "ரெண்டு நாள் பொறுத்துக்கங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சுற்று வட்டாரத்து ரோட்டரி சங்கங்கள், அரிமா சங்கங்கள் அத்தனைக்கும் பணியேற்பு விழா அழைப்பிதழ் அப்போதுதான் அடித்தாக வேண்டும். வாசகம் அதேதான், தாளும் அதேதான். பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். போன வருடம் செயலாளர் என்று போட்டவர் இந்த வருடம் தலைவர். தலைவராக இருந்தவர், 'முன்னாள்' என்ற அடைமொழியோடு அடியில் சின்ன எழுத்துக்கு இறங்கியிருப்பார்.

எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே ஒரு சிறு நகரம். இங்கே கோயில் கமிட்டி என்றாலும் சரி, வியாபாரிகள் சங்கம் என்றாலும் சரி, ஒருவர் தலைவராகிவிட்டால் அவரை எழுப்ப கோர்ட் உத்தரவு வேண்டும். ரோட்டரியில் அந்தப் பேச்சே இல்லை. ஜூலை 1 வந்தால் உலகம் முழுக்க எல்லாச் சங்கங்களிலும் தலைவர் மாறிவிடுவார். உலகத் தலைவரும் அப்படித்தான். கொழும்பைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன் 2015-16-ல் அந்தப் பதவியில் இருந்தார். ஓராண்டு முடிந்ததும் அவரும் முன்னாள் ஆகிவிட்டார். நான் பல வருடங்களாக எங்கள் சங்கத்தில் உறுப்பினர். இரண்டு தலைவர்களுக்குச் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். இந்தச் சங்கங்களின் பலமும் பலவீனமும் இந்த ஓராண்டு நாற்காலியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மாறி மாறி என்பது ரோட்டரியோடு கூடவே பிறந்த பழக்கம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையற்கடைக்காரர். பெரிய நகரத்தில் தொழில் இருக்கிறது, பழக ஆள் இல்லை. அதுதான் அவர்கள் குறை. ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அலுவலகத்தில் கூடுவது என்று முடிவு செய்தார்கள், ரோட்டரி என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. அடுத்ததாகச் சேர்ந்த ஹாரி ரக்கிள்ஸ் ஓர் அச்சகக்காரர். கூட்டத்தில் எல்லோரையும் பாடவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் தனிப் பாசம். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது அன்றைய விதி. இப்போது அது தளர்ந்துவிட்டது. எங்கள் சங்கத்திலேயே மூன்று பல் டாக்டர்கள்.

வெளியில் எங்களைப் பற்றிச் சொல்வது எனக்குத் தெரியும். சாப்பாடு, சால்வை, போட்டோ. பொய்யில்லை. பத்து தையல் மெஷின் கொடுக்கும் இடத்தில் பதினெட்டு பேர் மெஷினைத் தொட்டபடி நிற்கும் படத்தை நானே பேனரில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வாரக் கூட்டத்துக்கு வந்து பார்த்தவர்கள் வேறு ஒன்றையும் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை இரவு ஏழரைக்குத் தலைவர் மணியடிப்பார். அவர் கழுத்தில் ஒரு காலர் தொங்கும். முன்னாள் தலைவர்களின் பெயர் பொறித்த பட்டைகள் வரிசையாக அதில் கோத்திருக்கும். வருடா வருடம் கனம் கூடிக்கொண்டே போகிறது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று நான்கு கேள்விகளைச் சொல்வோம். நாம் நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா என்று போகும் அது. 1932-ல் திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்த ஹெர்பர்ட் டெய்லர் தன் ஊழியர்களுக்காக எழுதியது. முன்வரிசையில் நின்று இதை உரக்கச் சொல்லும் ஒருவர் எனக்குத் தரவேண்டிய காலண்டர் பாக்கியை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை.

அடுத்து செயலாளர் அறிவிப்பு. பிறந்தநாள், கல்யாண நாள் கண்டவர்கள் உண்டியலில் ஏதாவது போட வேண்டும். தாமதமாக வந்தால், போன் மணி அடித்தால், கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் சார்ஜன்ட் அபராதம் போடுவார். அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் உரை, இருபது நிமிடம். எட்டரைக்குச் சாப்பாடு என்பதால் இருபத்தைந்தாவது நிமிடத்தில் பின்வரிசைக் கண்கள் சமையல்கட்டுப் பக்கம் போய்விடும். வாராவாரம் ஒரு பேச்சாளரைப் பிடிப்பது செயலாளரின் தலைவலி. மதுரையிலிருந்து வருகிறேன் என்று சொன்ன பட்டிமன்றப் பேச்சாளர் ஆறு மணிக்குப் போன் செய்து வரவில்லை என்பார். உடனே ஊரில் இருக்கும் பேங்க் மேனேஜரை அழைத்துவந்து வரிச்சேமிப்பு பற்றிப் பேசவைக்க வேண்டியதுதான்.

அப்படிக் கடைசி நேரத்தில் கூப்பிட்டு வந்தவர்தான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர். மைக்கைக் கையில் வாங்கவே தயங்கினார். கைப்பையிலிருந்து போலியோ சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தார், காலியானதுதான். "இந்த லேபிள்ல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சதுரம் இருக்கா சார்?" என்று கேட்டு மேசை மேசையாக அனுப்பினார். மருந்துக்குச் சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்ததையும், சொட்டு போட்ட பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை வைத்ததையும் சொன்னார். வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறி போடுவார்களாம். எல்லாப் பிள்ளைக்கும் போட்டாயிற்று என்றால் 'பி', விட்டுப்போன பிள்ளை இருந்தால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மறுபடி போகவேண்டும், பிள்ளை கிடைக்கும்வரை. "நீங்க கொடுத்த குடையும் தொப்பியும் இன்னும் வீட்ல இருக்கு சார்" என்று முடித்தார். அன்று எட்டே முக்கால் வரை யாரும் சமையல்கட்டைப் பார்க்கவில்லை.

அந்தக் குடைக்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்தபோது 12 கோடி டாலர் திரட்டுவது என்று இலக்கு வைத்தார்கள். 1988-க்குள் 24 கோடிக்கு மேல் சேர்ந்தது. அந்த ஆண்டில் 125 நாடுகளில் வருடத்துக்கு மூன்றரை லட்சம் பேரைப் போலியோ முடக்கிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் ரோட்டரியோடு சேர்ந்து அப்போதுதான் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கின. இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி மேற்கு வங்கம் ஹௌராவில் ஒரு சிறுமி, 2011 ஜனவரி 13. தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் போலியோ இல்லை என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27-ல் வந்தது. இதற்கிடையே உலகத் தலைவர்கள் வருடத்துக்கு ஒருவர் வீதம் வந்து போனார்கள். ஒருவரும் "இது பழைய தலைவர் ஆரம்பித்தது, நான் புதிதாக ஒன்று செய்கிறேன்" என்று அதைக் கைவிடவில்லை.

உள்ளூரில் அந்தப் புத்தி எங்களுக்கு வருவதில்லை. புதுத் தலைவர் என்றால் புதுத் திட்டம், புதுக் கல்வெட்டு. ஒரு வருடம் அரசுப் பள்ளிகளுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தோம். அடுத்த வருடம் மரக்கன்று, அதற்கடுத்து ஸ்மார்ட் வகுப்பறை. தண்ணீர் இயந்திரத்துக்கு ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டு வந்தால், "அது போன தலைவர் பீரியட் சார்" என்ற பதில்தான் கிடைக்கும். மரக்கன்றுகள் வைத்த குழிகளில் சிலவற்றில் மறு வருடமும் நாங்களே நட்டோம் என்பது ஊருக்கே தெரியும்.

தலைவர் யாரானாலும் வருடம் தவறாமல் நடப்பது கண் சிகிச்சை முகாம் ஒன்றுதான். காரணம் எளிது: பாதி வேலை ஆஸ்பத்திரியின் கையில் இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. டாக்டர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், சாப்பாடு சங்கத்தின் பொறுப்பு. நோட்டீஸ் என் அச்சகத்தில். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி முதல் வருடமே சொல்லிவிட்டார்கள், படிக்க வேண்டியவர்களுக்கே கண் தெரியாதே! ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் கிராமங்களைச் சுற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசை. பார்வைச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர். கண்புரை என்று தெரிந்தவர்களை அன்று மதியமே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் உறுப்பினர்களின் உண்மையான வேலை. "மாட்டை யாரு தம்பி கறப்பா?" என்று இறங்கப் பார்க்கும் பாட்டிக்குப் பக்கத்து வீட்டாரிடம் போன் போட்டுப் பேசி, மாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்து, பஸ்ஸில் உட்காரவைக்க வேண்டும். இதற்குச் சால்வை கிடையாது. மூன்று பல் டாக்டர்களில் ஒருவர் இதில் கெட்டிக்காரர்.

வருகிற ஜூலையில் அந்தப் பல் டாக்டர்தான் தலைவர். எங்கள் சங்கத்தின் முதல் பெண் தலைவர். 1978-ல் கலிபோர்னியாவின் டுவார்டே சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரியிலிருந்தே நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. 1989-ல் உலகம் முழுவதும் விதியே திருத்தப்பட்டது. எங்கள் ஊருக்கு அது வந்துசேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அழைப்பிதழ் மாதிரியைக் காட்டப் போனபோது டாக்டரம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. "அண்ணே, பழைய தண்ணி மெஷின் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க. என் வருஷத்துக்குப் புதுசா ஒண்ணும் வேண்டாம்" என்றார். முன்னாள் தலைவர்கள் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள், கல்வெட்டு போட்டோவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் முதலில் இருந்த பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். இயந்திரம் பூட்டிய அறை ஒன்றில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் புதிதாகவே இருக்கிறது. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தலைமையாசிரியர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.