பதினைந்து நிமிடத்தின் விலை

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரை முதலில் வாட்டுவது அச்சம். அது மனத்தோடு நின்றுவிடுவதில்லை; அறுவைக்குப் பிந்தைய வலியையும் அதிகமாக்கக்கூடியது. இசை, தியானம், ஹிப்னாசிஸ் எனப்படும் அறிதுயில் போன்ற துணைச் சிகிச்சைகள் உதவுவது இங்கேதான். இவற்றை மனத் திருப்திக்கானவை என்று ஒதுக்குவோர் உண்டு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் கணக்கைப் பார்க்கிறேன்.

நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியின் கை மாண்ட்கோமரியும் குழுவினரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மார்பக அறுவை சிகிச்சைக்கு வந்த 200 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் உளவியலாளர் 15 நிமிடம் அறிதுயில் அளித்தார். மற்றவர்களும் வெறுமனே காத்திருக்கவில்லை. உளவியலாளர் அவர்கள் பேச்சைப் பரிவோடு கேட்டார். ஆகவே, கிடைத்த பலனை ஆறுதல் வார்த்தையின் விளைவு என்று தள்ளிவிட இயலாது. அறிதுயில் பெற்றோருக்கு மயக்க மருந்தும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டன. வலி, குமட்டல், சோர்வு, மனக்கலக்கம் ஆகியவையும் குறைந்தன. அறுவை நேரமும் சுருங்கியது; பெரும்பாலும் அதனாலேயே ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 773 டாலர் மருத்துவமனைக்கு மிச்சமாயிற்று.

இசைக்கும் சான்று உண்டு. பலவகை அறுவை சிகிச்சைகள் குறித்த 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிநிவாரணித் தேவையும் குறைந்ததைக் காட்டியது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் பலன் தெரிந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

பிறகு ஏன் இவை பரவலாகவில்லை? புதிய மாத்திரைக்குக் காப்புரிமை உண்டு, விற்பனைப் பிரதிநிதி உண்டு. பாட்டுக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் மருத்துவரின் கதவைத் தட்ட யாருமில்லை. லாபம் தராத பொருளைச் சந்தை தானாகக் கொண்டுவந்து சேர்க்காது. மருத்துவமனை நிர்வாகமும் காப்பீட்டுத் திட்டங்களும்தான் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

துணை வேறு, மாற்று வேறு. பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மூலிகைகளையும் இசையோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. ஜின்கோ, பூண்டு மாத்திரைகள் போன்றவை ரத்தப்போக்கை அதிகரிக்கக்கூடும். அவற்றை உட்கொள்பவர்கள், அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே மயக்கவியல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். விரும்பிய பாட்டைக் கேட்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.