காலராவை வடிகட்டிய பழஞ்சேலை

வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குக் குளத்து நீரும் ஆற்று நீரும்தான் குடிநீராக இருந்தன. அடிபம்புகளும் இருந்தன. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் அவை இறைத்த நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1990களில் தெரியவந்தது. காய்ச்சிக் குடிக்கலாமென்றால், விறகுக்கே திண்டாட்டம். காலராவோ ஆண்டு தவறாமல் வந்தது.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் உள்ளிட்டோர் வேறொரு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். காலராக் கிருமி நீரில் தனித்து மட்டும் அலைவதில்லை. கோபிபோட் என்னும், இறாலுக்கு உறவான மிகச் சிறிய மிதவை உயிரியின் உடலில் கூட்டமாக ஒட்டிக்கொண்டும் வாழ்கிறது. கிருமியைத் தனியே பிடிக்க மிக நுண்ணிய வடிகட்டி வேண்டும். அதைச் சுமக்கும் உயிரியைப் பிடிக்கத் துணியே போதும்.

அந்தத் துணி வீட்டுக்கு வீடு இருந்தது. பானங்களில் கிடக்கும் தூசி தும்பை வடிக்க அங்குள்ள பெண்கள் ஏற்கெனவே சேலைத் துணியைத்தான் பயன்படுத்திவந்தார்கள். பருத்திச் சேலையை நான்கு முதல் எட்டு அடுக்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினால், இழைகளின் இடைவெளி சுமார் 20 மைக்ரானாகிறது. புதுச் சேலையைவிடப் பழஞ்சேலையே மேல்: துவைக்கத் துவைக்க நூல் இளகி, துணியின் கண் சிறுத்துவிடும். ஆய்வகத்தில், மிதவை உயிரிகளில் ஒட்டியிருந்த கிருமிகளில் 99 சதவீதம் துணியிலேயே தங்கின.

65 கிராமங்கள், சுமார் 1,33,000 மக்கள், மூன்றாண்டு ஆய்வு. 2003இல் வெளியான முடிவின்படி, சேலையால் வடிகட்டிய ஊர்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது.

இந்த வெற்றியைச் சேலைக்கு மட்டும் எழுதிவைப்பது அநியாயம். பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களோடு பேசினார்கள். எப்படி மடிப்பது, எப்படிக் கட்டுவது, வடித்தபின் துணியை எப்படி அலசி வெயிலில் உலர்த்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அலசாத துணி அடுத்த குடத்தில் கிருமியைத்தான் சேர்க்கும். வடிகட்டியை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேலையைத்தான்.

சேலைக்கும் எல்லை உண்டு. தனித்து மிதக்கும் கிருமியும், வைரஸும், ஆர்சனிக்கும் அதைத் தாண்டிவிடும். கிருமிகளைப் பொறுத்தவரை, காய்ச்ச வழியுள்ளவர்கள் காய்ச்சுவதே நல்லது.

முதல் ஆய்வுக்கு ஐந்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் மத்லப் சென்று 7,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தார்கள். 31 சதவீதத்தினர் அப்போதும் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தனர். அவர்களில் 60 சதவீதத்தினரிடம் இருந்தது சேலைதான். ஐந்தாண்டுக்குப் பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் பழக்கம் நிலைத்திருந்தது சின்ன விஷயமல்ல. மீதிப் பேர் வடிகட்டவில்லை என்பதும் கவலைக்குரியதுதான். அந்த மறு ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் வடிகட்டிக் குடித்த இடங்களில், வடிகட்டாத வீடுகளுக்கும் அதன் பலன் கிடைத்திருந்தது. நோயாளிகள் குறைந்தால், அவர்களிடமிருந்து குளத்துக்குத் திரும்பும் கிருமியும் குறைகிறது.