ஒடியல் மாவும் ஒரு பானைக் கூழும்

ஆடி பிறந்தால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். வல்லம் வடகாலில் ஏரிக்கும் வயலுக்கும் நடுவே தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. ஆனாலும் இந்தப் பக்கத்தில் கூழ் என்றால் கேழ்வரகும் நொய்யும்தான். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குப் போனால், அதே கூழுக்குள் நண்டு கிடக்கும்.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என நீளும் தீவுகள் இவை. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேற வேண்டும். ஆறு கிடையாது, மண்ணும் ஆழமில்லை. வேலிகூடப் பவளக்கல்லை அடுக்கி எழுப்பியதுதான். இப்படிப்பட்ட நிலத்தில் நெல்லை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, பனையை நம்பலாம்.

பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைத்துச் சில மாதம் கழித்துக் கிண்டினால் கிழங்கு. பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயில் பூசிப் பூசிக் காயவிட்டால் பனாட்டு. பஞ்ச காலத்துக்கான சேமிப்பு மொத்தமும் ஒரு மரத்திலிருந்தே வந்தது.

தீவகத்துக் கூழுக்கு ஆதாரம் ஒடியலை இடித்த மா. அதை அப்படியே அடுப்பில் ஏற்றிவிட முடியாது. அதில் கசப்பு உண்டு, உடம்புக்கு ஆகாத கூறும் உண்டு. தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துவிட்டு, மறுபடி நீர் ஊற்றுகிறார்கள். கடைசியில் துணியில் கட்டிப் பிழிகிறார்கள். கூழின் பக்குவத்தில் பாதி இந்த வேலையில்தான் இருக்கிறது. சாப்பிடுகிறவர் கண்ணுக்குப் படாத உழைப்பு இது. அதனாலேயே சொல்லியாக வேண்டும்.

பிறகு பெரிய பானை. ஒரு பிடி அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை முதலில் வேகும். அன்று வலையில் விழுந்த மீன், நண்டு, இறால், கணவாய் அடுத்துப் போகும். செத்தல் மிளகாயை அரைத்துப் புளியோடு கரைத்து ஊற்றி, ஒடியல் மாவையும் கரைத்துவிட்டால் கூழ் தடிக்கும். இறக்குகிற நேரத்தில் முருங்கையிலை. இதை நாலு பேருக்குச் சமைப்பது அரிது. அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு, முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து குடிப்பதே வழக்கம்.

வறண்ட தீவுகள் பல இடங்களிலும் இப்படித்தான் சமாளித்திருக்கின்றன. கிரேக்கத்தின் கிரீட் தீவில் வாற்கோதுமை ரொட்டியை இருமுறை சுட்டுக் கல்லாக்கி, நாள்பட வைத்திருந்து, வேண்டும்போது தண்ணீரில் நனைத்து ஒலிவ எண்ணெயும் தக்காளியும் சேர்த்துத் தின்பார்கள். அங்கே ஒலிவ மரம் என்றால் இங்கே பனை.

குடிக்கவும் பனைதான். பனஞ்சாறு இறக்கும் மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிக்கும் கருப்பநீர், தடவாவிட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. யாழ்ப்பாணத்தில் தவறணை எனப்படும் கள்ளுக்கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்கள். இறக்குகிற தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஆடிப்பிறப்பன்று வைக்கும் இனிப்புக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் அதுவே இனிப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இந்த நாளைக் குழந்தைகளுக்கான பாட்டாகவே எழுதிவைத்தார்.

கூழ் குடிக்க முன்பெல்லாம் கிண்ணம் கிடையாது. பனையோலையை மடித்து முனையில் கட்டினால் பிளா. அதில் சுடச்சுட ஊற்றும்போது பச்சையோலை வெந்து ஒரு வாசம் எழும். இரண்டு கையாலும் ஏந்தி, ஊதி ஊதி உறிஞ்ச வேண்டும். அடியில் தங்கும் நண்டுக்காலைக் கடைசியில் கையால் எடுத்துக் கடிப்பார்கள்.