கார் மேல் ஆசை, கண்டம் கடந்த ஓர் அம்மா!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சின்னக் கார் தயாராக நிற்க வேண்டும். புளியோதரைத் தூக்கையும் தண்ணீர்க் கூஜாவையும் ஏற்றிக்கொண்டு, "எங்கே போகலாம்?" என்று கேட்டபடியே குடும்பத்தோடு கிளம்பிவிட வேண்டும். இப்படி ஒரு கனவு நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கனவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், இல்லையா? நாம் பக்கத்து ஸீட்டில், மடியில் குழந்தையோடு!

"வண்டி ஓட்டறதெல்லாம் நமக்கு எதுக்குங்க? சமையலும் பிள்ளைகளுமே போதாதா?" என்று சொல்லும் சகோதரிகளுக்காக ஓர் உண்மைக் கதை சொல்லப் போகிறேன்.

1909-ம் ஆண்டு. அமெரிக்காவில் நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-ல்தான் என்றால், அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "ஓட்டு"ப் போடவே உரிமையில்லாத அந்த நாளில், இருபத்திரண்டே வயதான ஓர் இளம் தாய், கிழக்குக் கரையில் உள்ள நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரையில் உள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ வரை, 3,800 மைல் தூரம், தானே கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்தார். அதாவது ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்! அப்படிப் போன முதல் பெண்மணி அவர்தான். பெயர் ஆலிஸ் ராம்ஸே.

குதிரை மிரண்டது, கார் வந்தது

ஆலிஸ் 1886-ல் நியூஜெர்ஸி மாநிலத்தில் ஹாக்கன்ஸாக் என்ற ஊரில் பிறந்தவர். வாஸர் பெண்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தார். 1906-ல் ஜான் ராம்ஸே என்ற வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவருக்கும் மனைவிக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். அடுத்த வருஷமே ஆண் குழந்தை. இதுவரை எல்லாப் பெண்களுடைய கதையும்தான்.

ஆலிஸுக்குக் குதிரை வண்டியில் போவதென்றால் மிகவும் பிடிக்கும். 1908-ல் ஒரு நாள், எதிரே சீறிக்கொண்டு வந்த ஒரு காரைக் கண்டு குதிரை மிரண்டு ஓடியது. நல்லவேளையாக ஆபத்து ஒன்றும் நேரவில்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் கணவர் கதிகலங்கிப் போனார். வேறொருவராக இருந்தால், "இனிமேல் நீ வெளியே போகவே வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். இவரோ, "குதிரையைவிடக் கார்தான் பத்திரம்" என்று முடிவு கட்டி, மனைவிக்கென்றே ஒரு மாக்ஸ்வெல் காரை வாங்கிக் கொடுத்துவிட்டார்! இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை.

பக்கத்து ஊர்களைச் சுற்றி வருவதற்காக வந்த வண்டி அது. ஆனால் அந்த ஒரு கோடையிலேயே ஆலிஸ் ஓட்டிய தூரம் ஏறக்குறைய 6,000 மைல்! அதே வருஷம் மாண்டாக் என்ற இடத்துக்குப் போய்வரும் 200 மைல் கார்ப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டார். அங்கே இவர் ஓட்டும் லாகவத்தைப் பார்த்த மாக்ஸ்வெல் கம்பெனி அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. "எங்கள் காரில் நியூயார்க்கிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோ வரை ஓட்டிக் காட்டுகிறீர்களா? வண்டியும் செலவும் எங்கள் பொறுப்பு" என்று கேட்டுவிட்டார்.

கம்பெனிக்கு இது ஒரு விளம்பரம், அவ்வளவுதான். ஒரு பெண்ணே ஓட்டிவிட்டால் பிறகு எவருமே ஓட்டலாமே என்ற வியாபாரக் கணக்கு! ஆனால் ஆலிஸுக்கு அது தன் கைத்திறனுக்கு வைத்த பரீட்சை. கணவர் சம்மதித்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆயா இருந்தாள். அப்படியும் அந்தத் தாய்க்கு மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை, ஒரு நாள் பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்!

நாலு பெண்கள், ஒரே டிரைவர்

1909 ஜூன் 9-ந் தேதி. கொட்டும் மழையில், நியூயார்க் பிராட்வே வீதியிலிருந்து பச்சை நிற மாக்ஸ்வெல் கார் கிளம்பியது. முப்பது குதிரைச் சக்தி, நாலு ஸிலிண்டர். உள்ளே நாலு பெண்கள். ஆலிஸ், அவருடைய இரண்டு நாத்தனார்கள் நெட்டி பவல், மார்கரெட் அட்வுட், அப்புறம் சிநேகிதி ஹெர்மைன் ஜான்ஸ். நாத்தனார்களோடு இரண்டு மாதப் பயணமா என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். கடைசி வரை ஒற்றுமையாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்! ஆனால் மற்ற மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆக, 3,800 மைலும் ஆலிஸின் இரண்டு கைகளில்தான்.

அந்தக் காலத்துக் கார் என்றால் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுமா என்ன? முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு ஒடிந்துபோகும். பக்கங்கள் திறந்தே கிடக்கும். வெயிலில் புழுதி, மழையில் குளியல்! அதனால் புழுதிக்கு நீண்ட அங்கியும் முகத்திரையும், மழைக்கு ரப்பர் போர்வையுமாகத்தான் போனார்கள்.

சாலை எப்படி? அவர்கள் கடந்த வழியில் தளம் போட்ட சாலை வெறும் 152 மைல்தான். மீதியெல்லாம் வண்டித் தடம், மணல், சேறு. அயோவா மாநிலத்தில் விடாமல் மழை. ஓரிடத்தில் ஓடை பெருக்கெடுத்து வழியை மறித்துவிட, வெள்ளம் வடியும் வரை காரிலேயே உட்கார்ந்தபடி தூங்கினார்கள்.

வழி கேட்கலாம் என்றால், அதிலும் சங்கடம். கிழக்குப் பகுதிக்கு மட்டும் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. அதில் "மஞ்சள் வீடு வந்ததும் இடது பக்கம் திரும்பவும்" என்று போட்டிருந்தது. தேடுகிறார்கள், தேடுகிறார்கள், மஞ்சள் வீட்டைக் காணோம். கடைசியில் விசாரித்தால், அந்த வீட்டுக்காரருக்குக் குதிரை மேல் பிரியம், கார் என்றால் கசப்பு. கார்க்காரர்கள் வழி தவறட்டும் என்றே வீட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டாராம்!

மேற்கே போகப் போக அந்தப் புத்தகமும் இல்லை. அப்போது பெண்களுக்கே உரிய சமயோசிதம் கைகொடுத்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தந்தி, டெலிபோன் கம்பங்களைப் பார்ப்பார்கள். எந்தப் பக்கத்துக் கம்பத்தில் கம்பிகள் அதிகமோ, அந்தப் பக்கம்தானே பெரிய ஊர் இருக்கும்? அந்த வழியே விடு காரை!

வாசனைப் புட்டியில் ரேடியேட்டர் தண்ணீர்

வழியில் வந்த இடைஞ்சல்கள் கொஞ்சமா நஞ்சமா? மொத்தம் 11 தடவை டயர் மாற்றினார் ஆலிஸ். இன்றைக்குப் போல ஸ்டெப்னியை எடுத்து மாட்டிவிட்டுக் கை துடைத்துக்கொள்கிற வேலை அல்ல அது. சக்கரத்திலிருந்து டயரை நெம்பிக் கழற்றி, டியூபைச் சரிசெய்து, திரும்பவும் மாட்டி, கையாலேயே காற்றடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்தார். உடைந்த பிரேக் பெடலைச் சரிசெய்தார்.

ஒரு தடவை எஞ்சின் கொதித்துப்போய் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டது. வாளி இல்லை. நாத்தனார்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? பல் துலக்கும் பிரஷ்ஷும் வாசனைச் சாமான்களும் வைத்திருந்த, வெள்ளி மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகளைக் காலி செய்து, பள்ளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள்! ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, உதவத் தெரிந்ததே!

நெப்ராஸ்காவில் ஒரு கொலைகாரனைத் தேடித் திரிந்த கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். வயோமிங்கில் தங்கிய ஹோட்டலில் மூட்டைப்பூச்சிப் படை. யூட்டாவில் பிரெய்ரி நாய் தோண்டிய வளையில் சக்கரம் இறங்கி, முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் போல்ட் கழன்று, சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் விரித்துக்கொண்டன. (பெயர்தான் நாய். உண்மையில் அது அணில் ஜாதி.) நெவாடாவில் வில்லும் அம்புமாகச் செவ்விந்தியர் கூட்டம் குதிரை மேல் பாய்ந்து வர, நால்வருக்கும் உயிரே போய்விட்டது. வந்தவர்களோ முயலைத் துரத்திக்கொண்டு காரைத் தாண்டிப் போயே போய்விட்டார்கள்!

இப்படியாக 59 நாள். ஆகஸ்ட் 7-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் அவர்களை வரவேற்கப் பெருங்கூட்டம் காத்திருந்தது.

அத்தோடு முடிந்ததா?

"சரி, ஒரு தடவை போனார், பேர் வாங்கினார். அப்புறம்?" என்று கேட்கிறீர்களா? இங்கேதான் எனக்கு ஆலிஸை மிகவும் பிடிக்கிறது. அவர் வீட்டுக்குத் திரும்பினார். மறு வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார், குடும்பம் நடத்தினார். கார் ஓட்டுவதையும் விடவில்லை. 1975-க்குள் முப்பது தடவைக்கு மேல் அமெரிக்காவைக் குறுக்காகக் காரிலேயே கடந்திருக்கிறார். வீடா, காரா என்று அவர் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை. இரண்டையும் இரண்டு கையில் பிடித்தார்.

1960-ல் அமெரிக்க மோட்டார் சங்கம் அவருக்கு "நூற்றாண்டின் சிறந்த பெண் கார் ஓட்டுநர்" என்ற பட்டம் கொடுத்தது. அடுத்த வருஷம் தம் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். ஸ்விட்ஸர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் ஆறு கணவாய்களை ஓட்டிக் கடக்க வேண்டும் என்று ஆசை. ஐந்தைக் கடந்தார். இருதயத்துக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்ததால், "ஆறாவது வேண்டாம்" என்று டாக்டர் தடுத்துவிட்டார்! 1983-ல் தொண்ணூற்றாறாவது வயதில் காலமானார். 2000-ல் அமெரிக்க மோட்டார் வாகனப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த மண்டபத்தில் இடம் பிடித்த முதல் பெண் அவர்தான். பயணத்தின் நூறாவது ஆண்டான 2009-ல், பழுது பார்த்துப் புதுப்பித்த 1909-ம் வருஷத்து மாக்ஸ்வெல் காரில் ஒரு பெண்மணி மறுபடி அந்தப் பயணத்தைச் செய்து காட்டினார்.

காரைக் கொடுத்தவர் கணவர்தான். ஆனால் டயரை நெம்பிய கையும், சேற்றில் தளராத மனமும் ஆலிஸுடையவை. அவற்றை யாரும் வாங்கித் தர முடியாது. நாமேதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

நீங்களும் கிளம்புமுன்...

கனவுக் கார் வாங்கும்போது வரட்டும். அதுவரை கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு. வீட்டில் ஏற்கெனவே கார் இருக்கிறவர்கள் இன்றைக்கே தொடங்கலாம்.

• டயர் மாற்றப் பழகுங்கள். வீட்டு வாசலில், சமதரையில், ஒரு தடவை செய்து பார்த்தால் போதும், பயம் போய்விடும். ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கி வைத்துத் தூக்குங்கள்.

• கிளம்பும் நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஆயில், தண்ணீர், டயர்க் காற்று மூன்றையும் பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வழியில் எஞ்சின் கொதித்தால், உடனே மூடியைத் திறந்துவிடாதீர்கள். ஆவி அடித்துக் கை, முகமெல்லாம் வெந்துவிடும். நன்றாக ஆறட்டும்.

• குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்ஸீட்டில் உட்காரும் வழக்கத்தை இன்றே விடுங்கள். மோதல் நேர்ந்தால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள முடியாது. சிறு குழந்தைகளுக்குப் பின்ஸீட்டில் அவரவர் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை ஸீட், கைக்குழந்தையானால் பின்புறம் பார்த்த மாதிரி. பெரியவர்களும் பின்னால்தானே என்று பெல்ட் போடாமல் இருக்கக் கூடாது.

• இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கினால், "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்ற பேச்சே வேண்டாம். வண்டியை ஓரமாகப் பத்திரமான இடத்தில் நிறுத்தித் தூங்கி எழுந்து போகலாம். இரண்டு பேருக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் இங்கேதான் எத்தனை சௌகரியம்!

• குமட்டல் வரும் குழந்தைகளுக்குக் கிளம்புமுன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். இட்லி போல லேசான ஆகாரம் போதும். புத்தகமும் போனும் வேண்டாம், தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

• ஐந்து நிமிஷம்தான் என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகவே போகாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் சீக்கிரமே அடுப்பாகிவிடும்.

கடைசியாக ஒன்று. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ஆண், பெண் என்ற பேதமே கிடையாது. மாமியார் என்ன சொல்வாரோ, அக்கம்பக்கம் சிரிக்குமோ என்று தயங்குகிற சகோதரிக்கு நான் சொல்வது இதுதான்: நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் என்றால், டாக்டர் வீடு வரை ஓட்டத் தெரிந்த மருமகளைப் பார்த்து எந்த மாமியாரும் சிரிக்க மாட்டார்.