மேகமும் பிரதியும்: சில குறிப்புகள்

“எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கிளவுட்ல ஏத்தியாச்சு தம்பி, இனி கரையான் பயம் இல்ல” என்றார் ராஜபாளையத்து நண்பர். நாற்பது வருஷமாகச் சேர்த்த சிற்றிதழ்கள். ஏற்றி முடித்ததும் தாள்களை எடைக்குப் போட்டுவிட்டார். சில மாதம் கழித்து, போனில் இடம் அடைக்கிறதென்று அந்த ஃபோல்டரை அழித்தார். போன், கம்ப்யூட்டர், கிளவுட் மூன்றிலிருந்தும் அது போய்விட்டது. அவர் கவனித்தபோது, அழித்ததை மீட்பதற்கான கெடுவும் தாண்டியிருந்தது.

அவரிடம் இருந்தவை மூன்று பிரதிகளா, ஒன்றா? சிங்க் எனப்படும் ஒத்திசைவு, ஒரே பிரதியை மூன்று கண்ணாடிகளில் காட்டுவது. பேக்கப் எனப்படும் காப்புப் பிரதியோ, மற்றதற்கு நேர்வது தனக்கு நேராதபடி விலகி நிற்பது. விமர்சனத்தில் ‘பிரதி’யை டெக்ஸ்ட் என்ற பொருளிலேயே புழங்கிப் புழங்கி, நகல் என்ற அதன் பழைய பொருளை நாம் மறந்துபோனோம். சேமிப்பைப் பொறுத்தவரை அந்தப் பழைய பொருள்தான் உயிர்.

‘மேகம்’ என்ற சொல்லே ஒரு கருத்தியல் வேலையைச் செய்கிறது. உடைமையாளர், கட்டிடம், மின்சாரம் எல்லாம் அதற்குள் மறைந்துபோகின்றன. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மேகத்தைத் தூதுதான் விட்டாள்; எதையும் பத்திரப்படுத்தச் சொல்லி அதனிடம் கொடுக்கவில்லை. இன்றைய மேகம் யாரோ ஒருவருடைய கட்டிடத்தில் சுழலும் வட்டுகள். கட்டிடம் எரியும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தரவு மையம் எரிந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. காப்புப் பிரதி இல்லாததற்குச் சொல்லப்பட்ட காரணம், அளவு மிகப் பெரிது என்பது. ஆக, பெரிதாக இருந்ததே அதன் பாதுகாப்பின்மை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த நெருப்பின் அரசியல் முற்றிலும் வேறு. ஆனால் ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை திரும்பவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் சுமார் 26 எம்பி. 64 பக்க இதழுக்கு 1.6 ஜிபிக்கு மேல். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஒன்பது இதழோடு நிரம்பிவிடும். உடனே பிடிஎஃப் ஆக்கிக் குறுக்குகிறோம். மிகையாகக் குறுக்கினால் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் கரையும். வாசிக்கக் குறுக்கியது போதும்; மூலம் குறுகாமல் தனியே இருக்க வேண்டும்.

எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். மேகம் அந்த மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். ஏற்றியது பழுதில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்பதை ஹாஷ் எண் சொல்லும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். கடிதங்கள் போன்ற அந்தரங்கமானவற்றைக் குறியாக்கம் செய்த பிறகே ஏற்ற வேண்டும். சாவி தொலைந்தால் கோப்பும் தொலைந்தது; ஆகவே சாவி இருவரிடம் இருக்கட்டும். கணக்கும் அப்படித்தான். இரண்டு ஆண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. சேர்த்தவர் இறந்தால் சேகரமும் இறக்கலாம்.

1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஏடுகளை ஒப்பிட்டு. அந்த ஏடுகள் பல வீடுகளில் கிடந்தன என்பதால்தான் ஒப்பிட முடிந்தது. நூலைக் காத்தது பெட்டகம் அல்ல, பெயர்த்தெழுதிய கைகள்.

நண்பர் கிடைத்த இதழ்களை வைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார். தாளை எடைக்குப் போடவில்லை. போன வாரம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் நீட்டினார்: “உங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் தம்பி.”